மணி அடிச்சா எடுக்கோணும்

லாட்ஜில் எந்த மூலையில் போன் அடித்தாலும் அக்காவின் தலைதான் முதலில் திரும்பும். சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, மணி கேட்டால் போதும், வலது கை தானாக நீளும். "வணக்கமுங்க, சொல்லுங்க" என்று அவர் சொல்லி முடிக்கும்போது எதிர்முனையில் இருப்பவர் இன்னும் தொண்டையைக்கூடச் செருமியிருக்கமாட்டார்.

அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் தோட்டக்காரரிலிருந்து சேலத்தில் இருக்கும் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். முதலாளி அவரைவிட மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஏற்காடு ஏரியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு பள்ளத்தில் அந்த லாட்ஜ் இருந்தது. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். மேலே ரோட்டில் வெயில் அடிக்கும்போதும் எங்கள் வாசலில் பனி உட்கார்ந்திருக்கும். அக்கா அங்கே மேனேஜர், நான் ரிசப்ஷன். வெள்ளக்கடைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்த காசில் அப்பாவும் அம்மாவும் என்னைச் சேலத்தில் டிப்ளமோ படிக்கவைத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வேலையும் எனக்குத்தான் முதலில் வாய்த்தது. அதனாலோ என்னவோ அந்த நாற்காலியில் முதுகு படாமல்தான் உட்காருவேன். ஒரு வாரம் அதைப் பார்த்த அக்கா, "சாஞ்சுக்க சாமி. நாக்காலி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார்.

அக்கா குள்ளம். சேலைமேல் ஆம்பளை ஸ்வெட்டர், கை மடித்துவிட்டது. சேலைக்குக் கீழே கறுப்பு கேன்வாஸ் ஷூ. கொண்டையில் ஒரு பேனா செருகியிருக்கும். அந்தப் பேனாவைத் தேடி மேஜையைக் கலைத்துக்கொண்டிருப்பார், யாராவது கொண்டையைக் காட்டினால் எடுத்துக்கொள்வார், வெட்கமெல்லாம் படமாட்டார்.

அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை "இன்னொருக்கா". ஜெனரேட்டர் கிளம்பவில்லையா, இன்னொருக்கா. எட்டாம் நம்பர் ரூமில் கெய்சர் சூடாகவில்லையா, இன்னொருக்கா போட்டுப் பாரு. மாதா கோயில் பாட்டுக்குழுவில் அவர் குரல் மற்றவர்களுக்குப் பின்னாலேயே ஓடும். கீபோர்டு வாசிப்பவர் ஒருநாள் பக்குவமாக, "அக்கா, நீங்க உக்காந்து கேட்டாலே போதுமுங்க" என்றிருக்கிறார். பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு அக்கா அவரைப் போகவிடவில்லை. "இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. சுருதி சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்த மனிதர் அக்காவை உட்காரச் சொன்னதில்லை.

இந்தப் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வோம், பயப்படவும் செய்வோம். ஒருமுறை சமையல் மாஸ்டர், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால், அடுப்படிப் போன் அடித்ததை எடுக்காமல் விட்டுவிட்டார். மாடியில் குழந்தைக்குக் காய்ச்சல், சுடுதண்ணீர் கேட்டு அடித்த போன் அது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா அடுப்படி வாசலில் நின்று பேசியது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"மணி அடிச்சா எடுக்கோணும் மாஸ்டர். எண்ணெ காஞ்சா எறக்கி வெச்சுப்போட்டு எடு. ஒரு மணி அடிச்சாலும் சரி, அரை மணி அடிச்சாலும் சரி. அந்தப் பக்கம் என்ன அவசரமோ, ஆரு கண்டா?"

"சரிங்கக்கா."

"சரிங்கறது வேண்டாம். எடு."

அன்றிலிருந்து மாஸ்டர் கரண்டியும் கையுமாகப் போனுக்குப் பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தார்.

அக்கா குடியிருந்தது ரிசப்ஷனுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில். கணவர் இறந்தபிறகு கொஞ்ச காலம் கீழே குப்பனூரில் தம்பி வீட்டில் இருந்திருக்கிறார். ஒருநாள் சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் தம்பி, "இன்னும் எத்தன நாளைக்கு இருப்பயாட்ட இருக்குது?" என்று கேட்டுவிட்டாராம். விளையாட்டாகக் கேட்டதாகத்தான் தம்பி சொல்வார். அக்கா எழுந்துபோய்ப் பையில் துணியை அடைத்துக்கொண்டு, மேலே வந்த காப்பி ஜீப் ஒன்றில் ஏறிவிட்டார். "அவன் கேட்டான், நான் கெளம்பிட்டேன். அதுக்கு மேல பேசறதுக்கு என்ன கெடக்குது?" என்பார். தம்பி வீட்டு வாசப்படியை அதற்குப்பிறகு அவர் மிதிக்கவில்லை. அந்த லாட்ஜ் அறையை விட்டால் அவருக்குப் போக வேறு இடமும் இல்லை. இரண்டையும் சேர்த்து நினைத்தால்தான் அந்தக் குளிர்காலத்தில் அவர் ஏன் அப்படி நின்றார் என்பது புரியும்.

நோட்டு செல்லாது என்று அறிவித்த குளிர்காலம் அது. பஜாரில் ஏ.டி.எம். வாசலில் ஆட்கள் குல்லாவும் சால்வையுமாக வரிசையில் நின்றார்கள். டூரிஸ்டுகள் வந்தார்கள், கையில் காசு இல்லை. எல்லோரிடமும் இருந்தது கார்டு. "கார்டு தேய்க்கலாமா?" என்பதுதான் முதல் கேள்வி, ரூம் வாடகையெல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள்.

அதே சமயம் பார்த்து எங்கள் போன் லைன் செத்தது. மழையில் மரம் விழுந்து பழைய செம்புக் கம்பி அறுந்துபோனது. இனி அந்தக் கம்பியை இழுக்கமாட்டோம், கண்ணாடி இழை வயர்தான், அதில் இன்டர்நெட் வரும், போனும் இன்டர்நெட்டிலேயே வரும் என்றார்கள். லைன்காரர் வந்து சுவரில் வெள்ளைப்பெட்டி ஒன்றை மாட்டினார். முன்பு எங்களுக்கு இரண்டு லைன் இருந்தது. ஒன்று போன்களுக்கு, மற்றொன்று கார்டு மெஷினுக்கு. அவர் எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து அந்தப் பெட்டியில் கோர்த்துவிட்டுப் போய்விட்டார்.

பேச்சு பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. கார்டு மெஷின் மட்டும் ஓடவில்லை. அது போன் போடுகிற மெஷின். கார்டைத் தேய்த்ததும் பேங்க் நம்பரை டயல் செய்யும், அந்தப் பக்கத்து மெஷினோடு கீய்ங், கர்ர் என்று தன் பாஷையில் பேசும், பேசி முடித்தால் சீட்டு வரும். இப்போது கீய்ங் வரைக்கும் வந்து நின்றுவிடும். திரையில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை வரும்.

"என்ன சாமி சொல்லுது?" என்று கேட்டார் அக்கா.

"'ட்ரை அகெய்ன்'னுங்கக்கா. இன்னொருக்கா போடச் சொல்லுது."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தயா? மெஷினுக்கே தெரியுது. போடு."

போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். எப்போதாவது ஒன்று ஓடும். ஓடாதபோது அக்கா வாடிக்கையாளரிடம், "ஒரு காப்பி குடிங்க, அதுக்குள்ள ஆயிரும்" என்பார். சிலர் மூன்று காப்பி குடித்தார்கள்.

பேங்க்கில் சொல்லி சிம் கார்டு போட்ட மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தோம். பள்ளத்தில் சிக்னல் கிடையாது. லாட்ஜுக்குப் பின்னால் மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதன்மேல் ஏறினால் ஒரு கோடு விழும். அக்கா மெஷினைச் சால்வையில் பொதிந்து குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவார். பின்னால் பில் கட்டவேண்டியவர் ஏறுவார். அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நான். சென்னையிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர் பாதி மேட்டில் நின்று மூச்சு வாங்கியபடி, "ஏம்மா, வியூ பாயிண்டுக்குக்கூட நான் இவ்வளவு ஏறலையே" என்றார்.

"இதுவும் நல்ல வியூ தானுங்க. டிக்கெட் கெடையாது" என்றார் அக்கா.

ஒரு மழைநாளில் அந்த மெஷின் தொட்டிமேலேயே நனைந்து செத்துப்போனது. மாற்று மெஷின் வர மாசமாகும் என்றார்கள். மறுபடி பழைய மெஷினிடமே வந்து சேர்ந்தோம்.

அப்புறம்தான் அந்தப் பெங்களூர்ப் பெரியவர் விஷயம் நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சாதுவானவர். கார்டைத் தேய்த்தோம். கீய்ங், கர்ர், அப்புறம் அமைதி. சீட்டு வரவில்லை. திரையில் அதே இரண்டு வார்த்தை. "இன்னொருக்கா" என்றார் அக்கா. இரண்டாம் தடவை சீட்டு வந்தது. பெரியவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஏரிக்கரையில் சிக்னல் கிடைத்ததும் அவர் செல்போனுக்கு இரண்டு மெசேஜ் வந்திருக்கிறது. முதல் தடவையே பேங்க் பணத்தை எடுத்திருந்தது. அந்தப் பதில் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் லைன் அறுந்திருக்கிறது.

பெரியவர் திரும்பி வந்தபோது அக்கா எழுந்து நின்றார். கொடுக்கக் கல்லாப்பெட்டியில் செல்லும் நோட்டு இல்லை. "உங்க பணம் வந்து சேர்ற வரைக்கும் நான் பேங்க்க விடமாட்டேனுங்க" என்று சொன்னார். விடவும் இல்லை. காலை டிபனுக்கு முன்னால் தினமும் பேங்க்குக்கு ஒரு போன். பணம் அவருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே பெரியவர் முதலாளியிடம் பேசிவிட்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அக்கா மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது போடச் சொல்லுச்சு, நானும் போட்டேன். முன்னாடி போட்டது என்னாச்சுன்னு கேக்கத் தோணலயே எனக்கு" என்றார் ஒருமுறை. என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

முதலாளியின் போன் வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு லாட்ஜ் முழுவதையும் பெங்களூரில் ஒரு கம்பெனி கேட்டிருந்தது. கார்டில்தான் கட்டுவோம் என்றிருந்தார்கள். அக்கா ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார், எனக்கும் கேட்டது.

"சனிக்கிழமைக்குள்ள மெஷின் ஓடலைன்னா அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிருங்கக்கா. பொங்கல் வரைக்கும் லாட்ஜைப் பூட்டிரலாம். கரண்டு பில்லாச்சும் மிஞ்சும்."

"வேலை செய்யறவிய என்னங்க பண்ணுவாங்க?"

"பொங்கலுக்கு அப்புறம் கூப்பிட்டுக்கலாம்."

"நானுங்க?"

"குப்பனூர்லதான உங்க தம்பி இருக்காரு?"

அக்கா உடனே பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்த போன் அது ஒன்றுதான். பிறகு சொன்னார்: "சனிக்கிழமை பொழுதாகட்டுமுங்க."

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "கண்ணு, அந்த மெஷின் கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?"

"லைன்ல கோளாறுங்கறாங்க."

"லைன்காரன்?"

"மெஷின்ல கோளாறுங்கறாங்க."

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்திருக்காங்களா?"

இல்லை. இருவரும் என்னிடம்தான் பேசினார்கள். நான் இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தார், எதுவும் எழுதாமல் மறுபடி செருகிக்கொண்டார். போனை எடுத்து மெஷின்காரரைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை வாங்க தம்பி. மட்டன் பிரியாணி போடறேன்." அடுத்து லைன்காரரைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை வாங்க தம்பி. மட்டன் பிரியாணி போடறேன்." ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை சேலத்திலிருந்து பைக்கில் நடுங்கிக்கொண்டு வந்தார் மெஷின்காரர். அவர் ரெயின்கோட்டைக் கழற்றும்போதே பஜாரிலிருந்து லைன்காரர் ஏணியோடு வந்துவிட்டார். அக்கா இருவரையும் ரிசப்ஷன் மேஜையில் எதிரெதிராக உட்காரவைத்தார்.

"நீங்கதானா அந்த மெஷின் கம்பெனி? எங்க லைன் சரியில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறது?"

"பேசிப் பாத்துட்டு லைன் நல்லாருக்குன்னு சொன்னது நீங்கதான? மெஷின் என்ன, நலமா இருக்கீங்களான்னா பேசுது?"

"பிரியாணி தம்முல இருக்குதுங்க" என்றார் அக்கா. "மெஷின் ஓடுச்சுன்னா தட்டு வரும். அதுவரைக்கும் தாராளமாச் சண்டை போடுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது. அக்காவின் தம்பி. மாங்காய் வியாபாரம், வெள்ளைச் சட்டை, மேல்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பேங்க் கார்டு வெளியே தெரியும்படி இருந்தது. லாட்ஜைப் பூட்டப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பெட்டிய எடுக்கா. போலாம். ஊட்டுல உனக்கு ரூம் ஒதுக்கிப் போட்டிருக்கேன்."

குரலில் அன்பும் இருந்தது, ஜெயித்த தொனியும் இருந்தது. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டயா?"

"இல்ல."

"அப்ப உக்காரு. மாஸ்டர், தம்பிக்கு ஒரு தட்டு!"

தம்பி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட ஆரம்பித்தார். வாசனை மேஜைக்கு வந்தது. மெஷின்காரரும் லைன்காரரும் சண்டையை நிறுத்தினார்கள். பசி ஒரு காரணமாக இருக்கலாம்.

லைன்காரர் சொல்லச் சொல்ல நான் வெள்ளைப்பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அங்கே இருந்த இங்கிலீஷை மூவரும் சேர்ந்து வாசித்தோம். விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் போகும் பேச்சை அந்தப் பெட்டி நசுக்கிச் சின்னதாக்கி அனுப்புகிறது, துணியை அமுக்கிப் பையில் அடைப்பதுபோல. மனிதக் காது விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் கசங்கி வந்தாலும் இன்ன வார்த்தை என்று புரிந்துகொள்ளும். மெஷின் விட்டுக்கொடுக்காது, ஒரு சத்தம் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளாது.

"அக்கா ரகம்" என்று நான் முணுமுணுத்தேன். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"மெஷினுக்கு அவ்வளவு ரோஷம் இருக்குதா? அப்பச் சரி" என்றார்.

நசுக்காமல் முழுதாக அனுப்பும்படி மாற்றினோம். "உங்க மெஷின் ஓட்டமா ஓடிப் பேசுது, கொஞ்சம் நடந்து பேசச் சொல்லுங்க" என்றார் லைன்காரர். மெஷின்காரர் முறைத்தார், ஆனால் வேகத்தைக் குறைத்தார். அவருடைய கார்டையே தேய்த்தார். கீய்ங். கர்ர். முன்னைவிட நீளமாகப் பேசியது. நான்கு தலைகள் அதன்மேல் கவிழ்ந்தன. நின்றுவிட்டது.

அக்கா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "போனது போச்சா, போகலயான்னு மொதல்ல பாருங்க" என்றார். மெஷின்காரர் பேங்க்குக்குப் போன் போட்டுக் கேட்டார். பணம் போகவில்லை. அதன்பிறகுதான் மறுபடி தேய்க்கவிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது.

"இதுக்கு மேல தேய்ச்சா என் கார்டை பேங்க்கே பூட்டிரும்க்கா" என்றார் மெஷின்காரர். கடைசியாக ஒரே ஒரு தடவைக்கு ஒத்துக்கொண்டார்.

லைன்காரர் ஏணியை எடுக்கவில்லை. பையிலிருந்து லைனைச் சோதிக்கும் கைபோன் ஒன்றை எடுத்து வயரில் கிள்ளி மாட்டிக் காதில் வைத்தார். கார்டைத் தேய்த்தோம். டயல் போனது. திடீரென்று அவர் கையை உயர்த்தினார். முகம் கோணியது. கைபோனை மெஷின்காரரின் காதில் வைத்தார். அவர் கேட்டுவிட்டு என் காதில் வைத்தார்.

கீய்ங், கர்ர்ருக்கு நடுவே சமையல் மாஸ்டரின் குரல் மிக மரியாதையாகக் கேட்டது. "வணக்கமுங்க, சொல்லுங்க. ஏனுங்க, ஆருங்க பேசறது? சத்தமாச் சொல்லுங்க, ஒரே இரைச்சலா இருக்குதுங்க."

எல்லோரும் அடுப்படிக்கு ஓடினோம். மாஸ்டர் ஒரு கையில் கரண்டியோடும் மறு கையில் ரிசீவரோடும் நின்றார். மெஷின் லைனைப் பிடிக்கும்போது மட்டும் அடுப்படியின் பழைய போனில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எல்லா வயரும் ஒரே லைன் ஆன நாளிலிருந்து அந்த டிங் கேட்டதும் மாஸ்டர் எடுத்து யாரென்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் காய் வாங்க பஜாருக்குப் போன நேரங்களில்தான் மெஷின் எப்போதாவது ஓடியிருக்கிறது.

"ஏன்யா எடுத்தீங்க?" என்று மெஷின்காரர் கத்தினார்.

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். "மணி அடிச்சா எடுக்கோணும்னு நீங்கதானுங்கக்கா சொன்னீங்க? அரை மணி அடிச்சாலும் எடுன்னீங்க. இது அரை மணிதானுங்க."

அக்கா சுவரில் கை ஊன்றி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"உன்மேல தப்பில்ல மாஸ்டர். நீதான் நான் சொன்னத அப்படியே கேட்ட ஒரே ஆளு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனி இப்படி வெச்சுக்க. ஒரு டிங்கோட நின்னா அது மெஷினு. தொடாத. மறுபடி அடிச்சா அது மனுஷன். எடு."

"அடுப்படிக்குத் தனி வயர் இழுத்துத் தரேனுங்க" என்றார் லைன்காரர் மெல்ல. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்தவர் அவர்தான்.

"இழுக்காம எங்க போவீங்க? மொதல்ல மெஷின் ஓடட்டும்."

தேய்க்கக் கார்டு இல்லை. மெஷின்காரர் தன்னுடையதைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். மற்ற எங்கள் யாரிடமும் அப்போது கார்டே கிடையாது. அக்கா திரும்பினார். தம்பி கை கழுவிவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"உன்ற கார்டக் கொடு."

"எதுக்குக்கா?"

"சாப்பிட்டதுக்கு."

தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"கூடப்பொறந்தவன்கிட்டயே பில்லா?"

"லாட்ஜு என்றதில்ல சாமி, மொதலாளிது. ஏன், கார்டுல பணம் இல்லயா?"

வெளி ஆட்கள் மூவர் நின்ற இடத்தில் அந்தக் கேள்விக்குத் தம்பியால் ஒரு பதில்தான் சொல்ல முடியும். கார்டை எடுத்து நீட்டினார்.

நான் தொகையை அடித்தேன். அக்கா கார்டைத் தேய்த்தார். தம்பி ரகசிய எண்ணை ஒவ்வொரு விரலாக யோசித்து அமுக்கினார். அடுப்படியில் டிங் என்றது. கதவு வழியாகப் பார்த்தேன். மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீய்ங். கர்ர். வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. தாண்டியது. பிறகு அமைதி. திரையில் ஒன்றும் இல்லை. என் விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறு."

அவர் கை சில்லென்று இருந்தது. லைன்காரர் கைபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மெஷின் ஒருமுறை முனகிவிட்டுச் சீட்டைத் துப்ப ஆரம்பித்தது.

அக்கா அதைக் கிழித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். தம்பி செல்போனைப் பார்த்தார், பள்ளத்தில் சிக்னல் இல்லை. பேங்க்குக்குப் போன் போட்டு, போனது ஒன்றுதானா என்று என்னைக் கேட்கச் சொன்னார் அக்கா. ஒன்றுதான் என்றார்கள். அதன்பிறகுதான் கொண்டையிலிருந்து பேனாவை உருவித் தம்பியிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

தம்பி போட்டார். பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்ப நீ வர்லயா?" என்றார். இந்தத் தடவை குரலில் ஜெயித்த தொனி இல்லை.

அக்கா அவருடைய பங்குச் சீட்டை இரண்டாக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார். பேனாவை வாங்கிக்கொண்டார்.

"கிறிஸ்துமஸ் கழிஞ்சு நீ வா. ஊட்டுல அல்லாரையும் கூட்டிட்டு வா. ரூமு தர்றேன். வாடகை மட்டும் கொறைக்க முடியாது."

தம்பி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பிரியாணில உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தார்.

ஜீப் வளைவு திரும்புவதை அக்கா பார்க்கவில்லை. அதற்குள் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டிருந்தார். "ஓடுதுங்க. பெங்களூர்க்காரங்கள வரச் சொல்லிட்டனுங்க" என்றார்.

சொல்லியிருக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வரச் சொல்லு சாமி."